34 பிள்ளைகள், இரண்டு வாளித் தண்ணீர்: ஆரம்பப் பிரிவில் சித்திர வகுப்பைச் சமாளிப்பது எப்படி?

கேட்டவர் ஒரு புது ஆசிரியை. தரம் 3, 34 பிள்ளைகள், சித்திரம் என்று சொன்னவுடன் வகுப்பு சந்தையாகிவிடுகிறதாம். அமைதியாக வைத்திருக்க வழி கேட்கிறார்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவில் பதினாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். முதல் மூன்று வருடம் நானும் இதே கேள்வியோடுதான் திரிந்தேன். கத்தினேன், கரும்பலகையில் பெயர் எழுதினேன், பஸ்ரல் பெட்டிகளைப் பறித்து மேசை லாச்சிக்குள் பூட்டினேன். தடி எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் மேசையில் ஓங்கித் தட்டுவதற்கு ஒரு அடிமட்டம் வைத்திருந்தேன். அடிமட்டம் உடைந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் தொண்டை கட்டிக் கத்த முடியாமல் போனது. சரி என்று கதிரையில் இருந்துகொண்டு, யார் எதற்குச் சத்தம் போடுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்தேன். கீறிக்கொண்டிருந்த பிள்ளைகள் அநேகமாகச் சத்தமே போடவில்லை. சும்மா நின்றவர்கள்தான் போட்டார்கள். நீலத்துக்குக் காத்து நின்றவர்கள், தண்ணீருக்குக் காத்து நின்றவர்கள், "ரீச்சர், எனக்கு யானை கீறித் தாங்கோ" என்று என் மேசைக்கு முன்னால் வரிசை கட்டியவர்கள். அன்றிலிருந்து நான் செய்த வேலை முழுக்க அந்த வரிசைகளைக் குறைப்பதுதான்.

பஸ்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையிடம் 24 நிறப் பெட்டி இருக்கும். பக்கத்துப் பிள்ளையிடம் அண்ணாவின் பெட்டியில் மிஞ்சிய நாலு துண்டு. சண்டை அங்கேதான் தொடங்கும். நான் எல்லாவற்றையும் வாங்கி நிறவாரியாகப் பிரித்து யோகட் கப்புகளில் போட்டு, மேசைக்கு ஒரு தட்டில் வைத்தேன். இரண்டு அம்மாமார் வந்து, "நாங்கள் காசு குடுத்து வாங்கினது ரீச்சர்" என்று நின்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இப்போது பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும், பொதுத் தட்டுக்கு இரண்டு துண்டு மட்டும் தாருங்கள் என்று கேட்கிறேன். வெள்ளை வேண்டாம் என்று முதலே சொல்லிவிட வேண்டும். சொல்ல மறந்த வருடம் தட்டு நிறைய வெள்ளைதான் வந்தது.

தண்ணீர் இன்னும் பெரிய கரைச்சல். எங்கள் கிணறு மைதானத்துக்கு அந்தப் பக்கம். ஆளுக்கொரு பேணியைக் கொடுத்து விட்டால் போன பிள்ளை லேசில் திரும்பி வராது, வந்தாலும் பாதித் தண்ணீர் காலில்தான் வரும். இப்போது மேசைக்கு மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு தூரிகை. மஞ்சள் தூரிகை மஞ்சளை விட்டு வெளியே போகாது. இடையில் கழுவத் தேவையில்லாததால் தண்ணீர் மேசைக்கே வராது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் இரண்டு வாளி, முதலாவதில் அலசி இரண்டாவதில் கழுவவேண்டும். வாளி தூக்க வாரம் இரண்டு பேர். வகுப்பிலேயே ஓடித் திரிகிற இரண்டு பேரைத்தான் நான் தெரிவேன்.

நிறம் கலக்கிற பாடத்தில் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஒரு மட்டைத் துண்டில் மஞ்சளை நிறைய வைத்து, நீலத்தை நுனித் தூரிகையால் ஒரு பொட்டு மட்டும் வைத்துக் கொடுங்கள். மாறி வைத்தால் நீலம் மஞ்சளை விழுங்கிவிடும், பச்சை வருவதற்குள் நிறம் முடிந்துவிடும். பச்சை வருகிற அந்த ஐந்து நிமிடமும் வகுப்பில் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். பிறகு வேம்புக்கு ஒரு பச்சை, வடலிக்கு ஒரு பச்சை என்று தாங்களாகவே தேடத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கள் ஊரில் காற்றும் ஒரு மாணவன் மாதிரி. இரண்டாம் தவணை முழுக்கச் சோளகம். யன்னலைப் பூட்டினால் வேர்வை, திறந்தால் தாள் பறக்கும், தாளுக்குப் பின்னால் பிள்ளையும் பறக்கும். நான் காய்ந்த பனங்கொட்டைகளைப் பொறுக்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தேன், தாளின் மூலையில் வைக்க. முதல் கிழமையே ஒருவன் உள்ளே தின்கிற பூரான் இருக்கும் என்று ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டான். வருடக் கடைசியில் வாடையும் மழையும் வந்தால் போஸ்ரர் கலர் காயாது. ஈரப் படங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி ஒரு வகுப்பின் வேலையையே பாழாக்கியவள் நான். அந்த மாதங்களில் களிமண், அல்லது கோதுமைமாப் பசை காய்ச்சி வெட்டி ஒட்டுகிற வேலை.

அமைதிப்படுத்துவதற்கு என்னிடம் சங்கீத அறையில் இருந்து இரவல் வாங்கிய ஒரு சோடித் தாளம் இருக்கிறது. ஒருமுறை தட்டினால், அந்த ஓசை அடங்கும் வரைக்கும் தூரிகை தலைக்கு மேல். ஓசை எப்போது அடங்குகிறது என்று கேட்பதற்காகவே வாயை மூடிக்கொள்வார்கள். முன்பு எங்கள் வகுப்பு ஒரு நீள மண்டபத்தில் தட்டி மறைப்புக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்தில் அங்கே ஒரு முனகல் கேட்டாலும் குற்றம். (அந்தக் காலத்தில் சித்திர நேரத்தையே கணிதத்துக்குக் கடன் கேட்பார்கள். கொடுத்தால் திரும்பி வராது.) பிறகு பழைய தளபாட அறை ஒன்றை ஒதுக்கிக் கேட்டு வாங்கினேன். தனி அறை கிடைத்த பிறகும் தாளத்தை விடவில்லை.

இனி அந்த யானை வரிசை. இதை அவசரமாகத் தாண்டாதீர்கள், நான் அதிகம் பிழைவிட்டது இங்கேதான். என் நாலாம் வருடத்தில் ஒரு பையன் இருந்தான், அப்பா கடற்றொழில். ஒருநாள் கடலைக் கீறினான். நடுவில் வள்ளம், வள்ளத்துக்குள் இருக்கிற அப்பாவின் கால்கள், கீழே வலை, வலைக்குள் மீன், அடியில் நண்டு, எல்லாம் தெரிகிற கடல். நான் அவனுடைய தாளை இழுத்து, "கடலுக்குள்ள இருக்கிறது எங்களுக்குத் தெரியாது அப்பன்" என்று சொல்லி மேலே நீலத்தைத் தேய்த்துக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, பக்கத்தில் ஒரு வீடு. அதற்கடுத்த கிழமையும் அதே. தவணை முடியும் வரைக்கும் அதே. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் ஆறே இல்லாத, மேட்டைக்கூடத் தேடிப் பார்க்க வேண்டிய குடாநாட்டில் அந்தப் பிள்ளை மலையை எங்கே கண்டான்? பிழை சொல்ல முடியாத படம் என்று அதைத்தான் எங்களிடம் கற்றிருக்கிறான்.

ஏழு, எட்டு வயதில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தங்களுக்குத் தெரிந்ததைக் கீறுவார்கள். வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே அம்மா சமைப்பது தெரியும். தாளின் அடியில் ஒரு கோடு நிலம், மேலே ஒரு பட்டை வானம், நடுவில் வெறுமை. அது பிழை இல்லை, அந்த வயது. நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. இலங்கையில் சித்திரக் கல்விப் பரிசோதகராக இருந்த வின்சரும் அவருக்குப் பின் வந்த பீலிங்கும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே, பார்த்துப் பிரதி பண்ணுகிற வழக்கத்தை விட்டுப் பிள்ளையின் சொந்த வெளிப்பாட்டுக்குப் போகச் சொன்னவர்கள். அந்த வின்சரின் பெயரிலேயே யாழ்ப்பாணத்தில் ஓவியர் எஸ். ஆர். கனகசபை ஒரு சித்திரக் கழகம் நடத்தினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் போட்டிகளுக்கு ஆசிரியர் கீறிக் கொடுக்க, பிள்ளை நிறம் தீட்டுகிற கதையைத்தான் நான் அடிக்கடி காண்கிறேன்.

இப்போது என் அறையில் ஒரே சட்டம், பிள்ளையின் தாளில் என் கை படாது. யானை கேட்டால் "தும்பிக்கை எங்கால தொடங்குது? கோயில் யானையைக் கண்டனிதானே, அது எப்படி நிண்டது?" என்று கேட்பேன். மிஞ்சினால் என் தாளில் கீறிக் காட்டிவிட்டு அதைக் கசக்கி எறிந்துவிடுவேன். மூன்று கிழமை "ஏலாது ரீச்சர்" என்று அழுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாம் கிழமை வரிசை இருக்காது. ஒருத்தரை ஒருத்தர் "உன்ர வடிவில்லை" என்று சொன்னால் மட்டும் நான் வேலையை நிறுத்திவிட்டுப் போய் நிற்பேன். சத்தத்துக்குக்கூட அப்படி நிற்பதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இங்கே சீருடை வெள்ளை. ஒரு சொட்டுச் சிவப்புப் பட்டால் அடுத்த நாள் காலை அம்மா வாசலில் நிற்பார். அப்பாவின் பழைய சேட் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், முன்பின்னாகப் போட்டு முதுகில் பொத்தான் பூட்டி விடலாம், கையை முழங்கைக்கு மேல் சுருட்டுங்கள். அதையும் மீறிப் பட்டால், போஸ்ரர் கலருக்கு உடனே பச்சைத் தண்ணீர், காயவிட்டால் போகாது. பஸ்ரல் மெழுகுப்பிடி, அதற்குத் தண்ணீர் சரிவராது. அகப்பைக் காம்பால் சுரண்டிவிட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தேய்த்து ஊறவிடச் சொல்லிக் கொப்பியில் எழுதி அனுப்புங்கள்.