பீக்கோ ஏன் உதிர்கிறது? பிலிப்பைன்ஸ் இனிப்புகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பச்சரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து பீக்கோ என்கிற அரிசி இனிப்பைக் கிண்டினேன். ருசி பரவாயில்லை, ஆனால் துண்டு போட வரவில்லை, உதிர்கிறது. எங்கே தவறு?

பதில்: அரிசியில்தான். பிலிப்பைன்ஸில் மலக்கிட் என்கிற ஒட்டும் அரிசி இல்லாமல் பீக்கோ கிடையாது. அதன் மாவுச்சத்து ஏறக்குறைய முழுக்க அமைலோபெக்டின் என்கிற ஒட்டும் வகை. பச்சரிசியில் அமைலோஸ் என்கிற ஒட்டாத வகையும் இருப்பதால் ஆற ஆற விறைத்து பருக்கை பருக்கையாகப் பிரிந்துவிடும், நீங்கள் எவ்வளவு நேரம் கிண்டினாலும் சரி. வாங்கும்போது பாருங்கள், சமைக்காத மலக்கிட் அரிசி கண்ணாடி போல மினுங்காமல் சுத்த வெள்ளையாக மங்கி இருக்கும். 2 கப் அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, 2 கப் தண்ணீரில் கொஞ்சம் விறைப்பாகவே வேகவையுங்கள். வேறு வாணலியில் 2 கப் கெட்டித் தேங்காய்ப்பால், ஒன்றரை கப் பழுப்புச் சர்க்கரை, சிட்டிகை உப்பு. இது கரண்டியில் படியும் அளவுக்குச் சுண்டிய பிறகுதான் சாதத்தைக் கொட்ட வேண்டும். அப்புறம் சிறு தீயில் வைத்து, வாணலியை விட்டு மொத்தையாகச் சுருண்டு வரும்வரை விடாமல் கிளற வேண்டும். கை வலிக்கும், வேறு வழியில்லை. வாட்டிய வாழையிலை விரித்த தட்டில் கொட்டி அழுத்தி, நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள்.

கேள்வி: பீக்கோ மேலே தூவும் லாத்திக், அதாவது பொன்னிறத் தேங்காய்ப்பால் திரி, எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. டின் தேங்காய்ப்பாலை அரை மணி நேரத்துக்கு மேல் காய்ச்சியும் குழம்பாகவே நிற்கிறது.

பதில்: டின்னின் லேபிளைப் படித்துப் பாருங்கள், குவார் கம், பாலிசார்பேட் என்று ஏதாவது எழுதியிருக்கும். பாலும் எண்ணெயும் பிரியக் கூடாது என்பதற்காகவே அவற்றைச் சேர்க்கிறார்கள், நமக்கோ பிரிந்தால்தான் வேலை. தேங்காய்ப்பாலும் தண்ணீரும் மட்டுமே உள்ள டின்னைத் தேடுங்கள், அல்லது தேங்காயைத் துருவி, வெந்நீரைக் கொஞ்சமாகத் தெளித்துப் பிழிந்து, முதல் பாலை மட்டும் எடுங்கள். அங்கே இதை ககாங் கத்தா என்பார்கள். அடி கனமான வாணலியில் மிதமான தீயில் வையுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழாகக் கொதிக்கும், தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மாறிச் சடசடக்கும், பிறகு தெளிந்த எண்ணெய் மேலே வந்து வெள்ளைத் திரிகள் அடியில் தங்கும். இங்கிருந்து அடுப்பை விட்டு நகராதீர்கள். திரிகள் பொன்னிறத்தைத் தொட்டதுமே இறக்கி வடித்துவிட வேண்டும், ஏனென்றால் எண்ணெயின் சூட்டிலேயே அவை இன்னும் கொஞ்சம் சிவக்கும். அடுப்பிலேயே நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கசக்கும். வடித்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், பீக்கோ தட்டில் தடவ அதைவிட நல்லது இல்லை. இன்னொன்று, விசயாஸ் தீவுகளின் செய்முறையில் லாத்திக் என்று வந்தால் அது தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் காய்ச்சிய பாகு. அதைப் படித்துவிட்டுத் திரி வரவில்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கேள்வி: பிபிங்கா என்கிற அரிசி கேக்குக்கு மண் சட்டியும் கரியும் கட்டாயமா?

பதில்: டிசம்பர் 16 முதல் 24 வரை நடக்கும் சிம்பாங் கபி என்கிற கிறிஸ்துமஸ் விடியற்காலைப் பூசை முடிந்து வருகிறவர்களுக்கு சர்ச் வாசலில் விற்கிறார்களே, அதில் கீழேயும் மேலேயும் கரித்தணல் இருக்கும், அந்தப் புகை வாசம் வீட்டு ஓவனில் வராது. மற்றதெல்லாம் வரும். அரிசியை இரவு ஊறவைத்து அரைத்த கலாப்போங் மாவைப் பயன்படுத்துங்கள், பாக்கெட் மாவில் அந்த மென்மை கிடைப்பதில்லை. தட்டில் வாழையிலை போட்டு 190 டிகிரியில் சுட்டு, பாதி வெந்ததும் உப்பு முட்டைத் துண்டு வைத்து, கடைசி இரண்டு மூன்று நிமிடம் மேல் சூட்டை மட்டும் ஏற்றுங்கள். இனிப்பில் உப்பு முட்டையா என்று தவிர்த்துவிடாதீர்கள், என்னைக் கேட்டால் அதுதான் பிபிங்கா.

கேள்வி: குச்சிந்தா என்கிற ஆவியில் வேகவைக்கும் இனிப்புக்கு லை வாட்டர் (காரநீர்) என்று போட்டிருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. உணவுக்கானது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள், குழாய் அடைப்பு எடுக்கிற காரத்தை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். ஒன்றரை கப் மாவுக்கு 1 டீஸ்பூன் போதும். அந்த ரப்பர் போன்ற இழுவை அதனால்தான் வருகிறது, செந்நிறம் அத்சுவெத்தே (அனாட்டோ) விதையிலிருந்து. கூடப் போனால் சோப்பு வாடை அடிக்கும்.

கேள்வி: குழந்தைகளோடு சேர்ந்து செய்ய எளிதாக ஏதாவது?

பதில்: பலித்தாவ். 1 கப் ஒட்டரிசி மாவில் ஏறத்தாழ அரை கப் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தட்டையாகத் தட்டி, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வெந்ததும் மிதக்கும். எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டி, வறுத்த எள்ளும் சர்க்கரையும் தூவுங்கள். சுடுதண்ணீர்ப் பக்கம் மட்டும் நீங்கள் நில்லுங்கள்.

கேள்வி: மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிறதே?

பதில்: ஆகும். ஆவியில் சில நிமிடம் வைத்தால் மறுபடி இளகிவிடும். வெளியே வைத்தால் அன்றைக்கே தின்றுவிடுங்கள், தேங்காய் சேர்ந்ததால் சீக்கிரம் ஊசிப்போகும்.