2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டில் வீடியோ கேம் மற்றும் நுகர்வோர் தொழில்நுட்பத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றமாக நீங்கள் எதைக் கருதுகிறீர்கள்?

விளையாடி முடித்த கேமை விற்க முடியாமல் போனது என்பதே என் பதில். கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பத்தாண்டில் நடந்த வேறு பல மாற்றங்கள் இந்த ஒன்றில் வந்து கூடுகின்றன என்பது என் கணிப்பு.

பெரிதாகப் பேசப்பட்டு அடங்கிப்போனவற்றை முதலிலேயே கடந்துவிடுகிறேன். 2010-இல் எல்லா நிறுவனங்களும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய முப்பரிமாணத் தொலைக்காட்சியை 2017-இல் எல்ஜியும் சோனியும் கைவிட்டபோது வருந்தியவர் எவரையும் நான் பார்க்கவில்லை. உடல் அசைவைக் கேமராவால் கண்டறிந்து விளையாட வைக்கும் எக்ஸ்பாக்ஸ் துணைக்கருவியாக 2010 நவம்பரில் வெளிவந்த கினெக்ட், முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றுக் கின்னஸ் ஏட்டில் இடம் பிடித்தது. 2017-இல் அதன் உற்பத்தியே நின்றது. 1,500 டாலர் விலையில் வந்த கூகுள் கிளாஸ் என்ற கணினிக் கண்ணாடியின் ஆயுள் அதைவிடக் குறைவு. நின்டெண்டோவின் வீ யூ கன்சோல் (கேம் விளையாடும் கருவி) மட்டும் இந்த வரிசையில் சற்று மாறுபட்டது: தோற்றது என்னவோ உண்மைதான், ஆனால் திரையைக் கையில் எடுத்துக்கொண்டு விளையாடும் அதன் எண்ணம் 2017 மார்ச்சில் ஸ்விட்ச் என்ற வடிவில் திரும்பி வந்து வென்றது.

கேம் பதிந்த பழைய டிஸ்க்குகளின் கதைக்கு வருகிறேன். இந்தியாவில் 2014 ஜனவரியில் சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்சோல் 39,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் புதிதாக வெளியாகும் பெரிய கேம் ஒன்றின் விலை மூவாயிரம், நான்காயிரம் ரூபாய் என்றிருந்தது. மாதச் சம்பளக்காரரான என்னைப் போன்றவர்களுக்கு இது கட்டுப்படியானதே பழைய டிஸ்க்கை விற்க முடிந்ததால்தான். வெளியான வாரத்தில் வாங்கி, விரைந்து முடித்து, விலை இறங்குவதற்குள் இன்னொருவரிடம் கைமாற்றிவிட்டால் கையிலிருந்து போவது சில நூறு ரூபாய்தான். ஒரே டிஸ்க் அலுவலகத்தில் நாலைந்து பேரைச் சுற்றி, ஒரு தம்பியின் கல்லூரி விடுதி வரைக்கும் போய் வருவது எங்களிடையே சாதாரணம்.

இந்தப் பழக்கத்தின் மீது நேரடியாகக் கை வைக்க முயன்றது மைக்ரோசாஃப்ட். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகம் செய்தபோது, அது 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இணையத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், ஒரு கேமை ஒரே ஒரு முறை மட்டுமே பிறருக்கு அளிக்கலாம், அவரும் குறைந்தது 30 நாட்களாக நம் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும் என்றும் விதிமுறைகளை வெளியிட்டது. அடுத்த சில நாட்களில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த இ3 கேம் கண்காட்சியில் சோனி இதை எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பதை இன்றும் ரசிக்கலாம். பிஎஸ்4 கேமை நண்பருக்குத் தருவது எப்படி என்ற விளக்கப் படம் ஒன்றை வெளியிட்டார்கள். சோனி அதிகாரி ஒருவர் உறையுடன் டிஸ்க்கை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்கிறார், அரை நிமிடத்துக்குள் படம் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு எக்ஸ்பாக்ஸைவிட விலையும் 100 டாலர் குறைவு. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைத் திரும்பப் பெற்றது.

ரசிகர்கள் வென்றுவிட்டார்கள் என்றுதான் அன்று எல்லோரும் எழுதினார்கள். ஆறே ஆண்டுகளில், 2019 மே மாதம், அதே நிறுவனம் டிஸ்க் போடும் வசதியே இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் ஆல்-டிஜிட்டல் பதிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. அதற்குள் நாமே பதிவிறக்கத்துக்குப் பழகிவிட்டிருந்தோம். டிஸ்க் வாங்கினாலும் வெளியீட்டு நாளன்றே பல ஜிபி அப்டேட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். அதற்குப் பதிலாக நள்ளிரவில் பட்டனை அழுத்தினால் முழு கேமும் வந்துவிடும், தள்ளுபடிக் காலத்தில் விலையும் பாதியாகும். கட்டளையாக வந்தபோது மறுத்ததை வசதியாக வந்தபோது வாங்கிக்கொண்டோம். இதில் பலர் மறந்துவிட்ட விவரம் ஒன்று உண்டு: கைவிடப்பட்ட அந்த 2013 திட்டத்தில், நம்முடைய கேம்களைக் குடும்பத்தினர் பத்துப் பேர் வரை பகிர்ந்து விளையாடும் ஏற்பாடு இருந்தது. விதிகளோடு சேர்ந்து அதுவும் போயிற்று.

பதிவிறக்கிய கேம் எந்த அளவுக்கு நம்முடையது என்பதை எனக்குப் புரியவைத்தது பி.டி. என்ற சிறிய திகில் விளையாட்டு. கேம் படைப்பாளர் ஹிடியோ கோஜிமாவும் திரைப்பட இயக்குநர் கியர்மோ டெல் டோரோவும் உருவாக்கவிருந்த சைலண்ட் ஹில்ஸ் கேமுக்கு முன்னோட்டமாக 2014 ஆகஸ்டில் பிஎஸ்4-இல் இலவசமாக வெளிவந்தது அது. ஒரே நடைபாதையில் மீண்டும் மீண்டும் நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எந்தத் திகில் விளையாட்டும் என்னை அந்த அளவுக்கு அச்சுறுத்தியதில்லை. பிறகு கோஜிமாவுக்கும் அவர் பணியாற்றிய கொனாமி நிறுவனத்துக்கும் பிளவு ஏற்பட்டு முதன்மை கேம் கைவிடப்பட்டது; 2015 ஏப்ரல் இறுதியில் பி.டி. இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டதோடு, ஏற்கெனவே பெற்றிருந்தவர்கள் மீண்டும் இறக்கிக்கொள்ளும் வழியும் அடைக்கப்பட்டது. அது பதிந்திருந்த பழைய கன்சோல்கள் இணையத்தில் கொள்ளை விலைக்கு ஏலம் போயின. இலவசமாக வந்ததுதானே, திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள், 2019 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது காசு கொடுத்து வாங்கிய நூல்களும் வாசகர்களின் கருவிகளிலிருந்து மறைந்ததை நினைவில் கொள்ளலாம். பணத்தை முழுமையாகத் திருப்பித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நேர்மையாக இராது. சென்னையில் என் தலைமுறையினர் பலருக்கு கேம் என்றாலே பர்மா பஜாரில் வாங்கும் திருட்டு சிடிதான். எங்களை அதிலிருந்து வெளியே கொண்டுவந்ததில், 2015 நவம்பரில் கணினி கேம்களின் பதிவிறக்கக் கடையான ஸ்டீம் ரூபாயில் விலை வைக்கத் தொடங்கியதற்குப் பெரும்பங்கு உண்டு. டாலர் கணக்கும் வெளிநாட்டு அட்டையும் தேவைப்படாமல் சில நூறு ரூபாய்க்கு முறையாக ஒரு கேம் கிடைத்தபோது, திருட்டு நகலைத் தேடி வைரஸை வாங்கிக்கொள்ளும் அவசியம் குறைந்தது. டிஸ்க் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பும் முதலீடு இல்லாதவர்களின் கேம்களும் எங்களை வந்தடைந்தன. எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தனி ஆளாக உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டார்ட்யூ வேலி, பதிவிறக்கக் கடை என்ற ஒன்று இல்லாதிருந்தால் என் கணினிக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லை. நூறு பேர் கூடிச் செய்த பெரிய படைப்புகள் பலவற்றைவிட அந்த விவசாயக் கேமில்தான் நான் அதிக நேரம் கழித்தேன். ஆனால் ஸ்டீமின் ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள்: கேம்கள் விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இந்தியாவில் கேம் யாருடையது என்ற இந்தக் கேள்வியே வேறு தளத்துக்குப் போய்விட்டது. 2018-இல் பப்ஜி மொபைல் வழியாக விளையாட வந்த கோடிக்கணக்கானவர்களுக்கு கேம் என்பது காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்ததே இல்லை. கேம் இலவசம், உடுப்புக்கும் துப்பாக்கியின் நிறத்துக்கும்தான் காசு. அதைவிட மோசமானது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 கேமுக்கு எதிராக எழுந்த கோபமும், அடுத்த ஆண்டு பெல்ஜியம் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்ததும் அந்தப் பத்தாண்டில் எனக்கு நிறைவளித்த செய்திகள்.

பத்தாண்டின் கடைசியில், 2019 நவம்பரில், கூகுள் ஸ்டேடியா வந்தது. கேம் தொலைவில் உள்ள சர்வரில் ஓடும், நம் திரைக்குக் காட்சி மட்டும் வரும். 2010-இலேயே ஆன்லைவ் என்ற நிறுவனம் இதைச் செய்து காட்டி, 2015-இல் கடையை மூடிவிட்டிருந்தது. ஸ்டேடியாவும் 2023 ஜனவரியில் மூடப்பட்டது. இங்கும் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, கேம்கள் திரும்பவில்லை.

இப்போது நான் எப்படி வாங்குகிறேன் என்று கேட்டால்: பலர் சேர்ந்து விளையாடுபவற்றைப் பதிவிறக்கத்திலேயே வாங்குகிறேன், சர்வர் நின்றால் டிஸ்க் இருந்தும் பயனில்லை. திரும்பத் திரும்ப விளையாடக்கூடிய கதைக் கேம்கள் என்றால், நகல் தடுப்புப் பூட்டு இல்லாமல் விற்கும் ஜிஓஜி தளத்தில் முதலில் தேடி, நிறுவல் கோப்பைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துக்கொள்கிறேன். அங்கே இல்லாதவற்றுக்கு மட்டும் ஸ்டீமின் தள்ளுபடிக் காலம் வரை காத்திருக்கிறேன்.