கலியென்டே ஏன் சரிந்தது? வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம். லாஸ் வேகஸிலிருந்து காரில் யூட்டா போகும் வழியில், நெவாடாவில் கலியென்டே என்ற சிற்றூரில் சாப்பிட நிறுத்தினோம். சுற்றிலும் மொட்டை மலை. ஆயிரம் பேர் இருந்தால் அதிகம், ஆனால் ரயில் நிலையம் அரண்மனை மாதிரி. பயணி ரயில் எதுவும் இப்போது நிற்பதில்லையாம். "காலத்துக்கேற்ப மாறாத ஊர் இப்படித்தான் ஆகும்" என்றார் கூட வந்த நண்பர். என் அப்பா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர், நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அந்தப் பேச்சு மனதை உறுத்துகிறது. அவர் சொல்வது சரியா?
- ஈசூன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியே இல்லை. ஊர்க்காரர்கள் எப்படி மாறியிருந்தாலும் அது நடந்திருக்கும்.

நீராவி எஞ்சின் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஓடும். நீராவி சிலிண்டரைத் தள்ளிவிட்டுப் புகைபோக்கி வழியே போய்விடும், திரும்பி வராது. அதனால் அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் ஏற்ற வேண்டும், எண்ணெய் போட வேண்டும், பழுது பார்க்க வேண்டும், ஓட்டுநரையும் மாற்ற வேண்டும். லாஸ் ஏஞ்சலஸுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் நடுவே 1905இல் முடிந்த பாதையில், அந்த வறண்ட மலைகளுக்கிடையே இதற்கெல்லாம் வாய்த்த இடம் கலியென்டே. பணிமனை வந்தது, ஃபிட்டர்கள் வந்தார்கள், பின்னாலேயே கடையும் பள்ளிக்கூடமும் வந்தன. நீங்கள் பார்த்த நிலையம் 1923இல் கட்டியது. அப்புறம் 1940களின் கடைசியில் டீசல் எஞ்சின் வந்தது. அதற்கு அங்கே நிற்க வேண்டிய தேவையே இல்லை, வேலைகள் லாஸ் வேகஸுக்குப் போய்விட்டன.

பிரெட் காட்ரெல் என்ற சமூகவியலாளர் 1951இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் வரும் ரயில் ஊரின் பெயரும் கலியென்டேதான். அதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு: அதிகம் இழந்தவர்கள், ஊரை நம்பி வீடு வாங்கி, கடை வைத்து, பிள்ளைகளோடு வேரூன்றியவர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பெரிய நட்டமில்லை. டீசலால் மிச்சமான பணம் கம்பெனிக்குப் போனது, விலைபோகாத வீடு தொழிலாளியிடம் நின்றது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இங்கே சிங்கப்பூரில், கடைசி ரயில் கிளம்பிய 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகார் நிலையத்தைப் படமெடுக்க அவ்வளவு கூட்டம். கம்பிச்சடக்கு (தண்டவாளம்) ஓரத்தில் குடியிருந்த குடும்பங்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. நீங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். எந்த குவார்ட்டர்ஸ், பக்கத்து வீடுகளில் யார் யார், காலி செய்யச் சொல்லி எத்தனை நாள் கொடுத்தார்கள், பிறகு எங்கே போனீர்கள், எல்லாம் விரிவாக எழுதி அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.