உவர்க்காற்றுக்கும் மாரிக்கும் ஈடுகொடுக்கும் உடுப்பு

வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து உடுப்பு வாங்குவது, தைப்பது, பேணுவது பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

ஆசிரியையாக முதல் நியமனம் கிடைத்திருக்கிறது. கிழமையில் ஐந்து நாளும் சாறி உடுக்க வேண்டும். என்னிடம் இருப்பவை எல்லாம் கலியாண வீட்டுச் சாறிகள். தினமும் ஒரு மணித்தியாலம் பஸ் பயணம். எத்தனை சாறி வாங்கலாம்? எந்தத் துணி நல்லது?
— ஒரு வாசகி, உவர்மலை

வாழ்த்துகள் தங்கச்சி. இப்போது ஐந்து சாறி மட்டும் வாங்குங்கள். இரண்டு மாதம் உடுத்துப் பார்த்தபின் இன்னும் மூன்று வாங்கலாம். எட்டுக்கு மேல் தேவைப்படாது. எட்டும் ஒரே துணியாக இருக்கவேண்டாம் என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. எந்தத் துணி உங்கள் உடம்புக்கும் பயணத்துக்கும் ஒத்துவருகிறது என்பது உடுத்த பிறகுதான் தெரியும்.

தனிப் பருத்திச் சாறி கஞ்சி போட்டு மினுக்கினால் காலையில் கம்பீரமாக இருக்கும். பஸ்ஸில் நெருக்கி இருந்து இறங்கும்போது மடிப்பெல்லாம் கசங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மினுக்கவும் வேண்டும். ஜோர்ஜெட் கசங்காது, கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த சாறி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எங்கள் பரிந்துரை: கலப்புத் துணியில் மூன்று, ஜோர்ஜெட்டில் ஒன்று, பருத்தியில் ஒன்று. ஜோர்ஜெட்டை மாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் பருத்தி காய இரண்டு நாள் எடுக்கும்.

சாறியின் பெரும்பகுதி உடம்பில் நேரே படுவதில்லை. படுவது சட்டையும் உள்பாவாடையும்தான். அவை இரண்டும் தனிப் பருத்தியாக இருந்தால் ஜோர்ஜெட் சாறியைக்கூட வெயிலில் சமாளிக்கலாம். விலை உயர்ந்த சாறிக்கு வழுக்கும் செயற்கைத் துணியில் உள்பாவாடை கட்டினால் பத்து மணிக்கே புழுங்கத் தொடங்கிவிடும்.

செலவு கூடுவதும் சட்டையால்தான். ஒவ்வொரு சாறிக்கும் ஒவ்வொரு சட்டை என்று போனால் தையற்கூலியும் லைனிங்கும் சேர்ந்து சாறியின் விலையை எட்டிப்பிடிக்கும். கறுப்பு, அரக்கு, கருநீலம், சந்தனம் என்று நான்கு நிறத்தைத் தீர்மானியுங்கள். இந்த நான்கில் ஒன்று கரையிலோ பூவிலோ இருக்கும் சாறியை மட்டும் கையில் எடுங்கள். சட்டையை ஒவ்வொரு நாளும் தோய்க்க வேண்டும். சாறியை இரண்டு மூன்று முறை உடுத்தபின் தோய்த்தால் போதும். அதனால் சட்டைதான் முதலில் கமக்கட்டில் நைந்துபோகும். அடிக்கடி உடுக்கும் நிறத்தில் இரண்டு சட்டை தைத்துவையுங்கள்.

தைக்கக் கொடுக்குமுன் லைனிங் துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் காயவைத்து, மினுக்கிக் கொடுங்கள். பருத்தி லைனிங் முதல் தோய்ப்பில் சுருங்கும், மேல்துணி செயற்கை என்றால் சுருங்காது. அதனால்தான் புதுச் சட்டை ஒரு தோய்ப்புக்குப் பிறகு முதுகில் பொருமிக்கொண்டு நிற்கிறது. சாறிக்கு அடியில் வைத்துத் தைக்கும் ஃபோல் துணிக்கும் இதையே செய்யுங்கள். தையல்காரரிடம் இரு பக்க ஓரத்திலும் உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். உடம்பு கொஞ்சம் கூடினால் பிரித்துவிடலாம்.

கடையில் நீளத்தையும் அளந்து கேளுங்கள். ஐந்தரை மீற்றர் என்று சொல்லும் சிலவற்றில் சட்டைத் துண்டும் அதற்குள்ளேயே இருக்கும். அதை வெட்டி எடுத்தால் மிச்சம் நாலே முக்கால் மீற்றர்தான். உயரமானவர்களுக்கு மடிப்பு நான்கு கூட வராது.

விலையை உடுக்கும் தடவைகளால் பிரித்துப் பாருங்கள். 4,500 ரூபாய்ச் சாறியை 60 நாள் உடுத்தால் ஒரு நாளுக்கு 75 ரூபாய். 2,500 ரூபாய்க்கு மலிவு என்று வாங்கி, சொரசொரவென்று குத்துகிறது என்று ஆறு நாளோடு ஒதுக்கினால் ஒரு நாளுக்கு 417 ரூபாய்.

புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் இறங்காது என்று அம்மம்மா சொல்வார். உண்மையா?
— ஒரு வாசகி, சாம்பல்தீவு

சாயமிடும் தொட்டியில் உப்புச் சேர்ப்பது உண்மை. சாயம் நூலுக்குள் ஏற அது உதவும். சாயமிட்டு முடிந்த துணியில் ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயத்தை வீட்டு உப்பு நிரந்தரமாகப் பிடித்துவைக்காது. அந்தத் தண்ணீரில் குறைவாக இறங்கினாலும் அடுத்த தோய்ப்பில் இறங்கும். வாங்கும்போதே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணியின் உட்புறத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் நன்றாக ஏறினால் விட்டுவிடுங்கள். இலேசாக ஏறினால் முதல் நான்கு தோய்ப்பையும் தனி வாளியில், பச்சைத் தண்ணீரில், ஊறப்போடாமல் செய்யுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குச் சேர்ட் வாங்க வேண்டும். தோள் சரியாக இருந்தால் வயிற்றில் இறுகுகிறது, வயிறு சரி என்றால் தோள் தொங்குகிறது. வாங்கித் திருத்துவதா, தைப்பதா?
— ஒரு வாசகர், பாலையூற்று

தம்பி, திருத்தக்கூடியது எது, திருத்த முடியாதது எது என்று தெரிந்தால் இதற்கு வழி கிடைக்கும். பக்கத் தையலை உள்ளே பிடிப்பது, கை நீளத்தையும் அடி நீளத்தையும் குறைப்பது எல்லாம் சின்ன வேலை. தோளைக் குறைக்கக் கையையே கழற்றிப் பூட்ட வேண்டும். அப்படிச் செய்தாலும் அநேகமாகக் கமக்கட்டு இறுகிவிடும். வயிற்றில் போதாத சேர்ட்டைப் பெரிதாக்க உள்ளே துணியே இருக்காது. உங்கள் வயிற்றுக்கும் தோளுக்கும் இடையில் ஓர் அளவு மட்டும் வித்தியாசம் என்றால், தோளுக்குச் சரியாக, 'ஸ்லிம்' என்று எழுதாத வெட்டில் தேடுங்கள். இரண்டு அளவு வித்தியாசம் என்றால் தைப்பதுதான் இலாபம்.

தைப்பதற்கு முழுக்கைச் சேர்ட்டுக்கு 36 அங்குல அகலத் துணியில் இரண்டரை மீற்றர் வேண்டும். 58 அங்குல அகலம் என்றால் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு மீற்றர் போதும். களிசானுக்கு 58 அங்குலத்தில் ஒன்றேகால் மீற்றர். உங்கள் உயரத்தைச் சொல்லித் தையல்காரரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் துணி வெட்டுங்கள். பருத்தி 60, பொலியெஸ்டர் 40 என்ற கலப்பு வியர்வைக்கும் தாங்கும், மத்தியானம் வரை கசங்காமலும் இருக்கும்.

போட்டுப் பார்க்கும்போது நின்று மட்டும் கண்ணாடி பார்க்காதீர்கள். கதிரையில் இருந்து பாருங்கள். பொத்தான்களுக்கிடையில் வாய் பிளந்தால் அந்தச் சேர்ட் வேண்டாம். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கழுத்துப் பொத்தானைப் பூட்டியபின் இரண்டு விரல் நுழைய வேண்டும். கை, மணிக்கட்டு எலும்பை மூடவேண்டும். தையலை ஓர் அங்குலத்தில் எண்ணுங்கள். பன்னிரண்டுக்குக் கிட்ட இருந்தால் நல்ல வேலை. ஏழு எட்டு என்றால் சீக்கிரம் பிரியும். வெள்ளைச் சேர்ட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரல் தனித்தனியாகத் தெரிந்தால் உள்ளே போடும் பெனியனும் தெரியும்.

கமக்கட்டில் வரும் மஞ்சள் கறைக்குக் குளோரின் ஊற்றிவிடாதீர்கள். வியர்வையும் டியோடரண்டில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து வருவது அந்தக் கறை. குளோரின் பட்டால் மஞ்சள் இன்னும் கூடும்.

கடற்கரைக்குப் பக்கத்து வீடு. அலுமாரியில் பொலித்தீன் பையில் வைத்த கூறைச் சாறியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. சரிகையும் கறுத்துவிட்டது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருக்கடலூர்

முதலில் ஒன்று: தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். ஈரம் பட்டால் பூஞ்சணம் இழைக்குள் இறங்கிவிடும். வீட்டுக்கு வெளியே, வெயில் நேரே படாத காற்றோட்டமான இடத்தில் சாறியை விரித்து அரை நாள் உலரவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, குழந்தைகளுக்கு வாங்கும் மென்மையான பிரஷ்ஷால் இழை ஓடும் திசையிலேயே தட்டிவிடுங்கள். அதன்பின் 'டிரை கிளீன்' செய்யக் கொடுங்கள். பூஞ்சணம் இருந்த இடங்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும். சாம்பல் நிறத் தூள் போய்விடும். கறுப்புப் புள்ளியாக மாறியிருந்தால் அது நிறமாகவே ஊறியிருக்கும், முழுதாகப் போவது அரிது.

சரிகையில் இருப்பது பெரும்பாலும் வெள்ளிக் கம்பியோ செம்புக் கம்பியோ சுற்றி, மேலே மெல்லிய பூச்சுக் கொடுத்த இழை. கந்தகம் கலந்த காற்றும் உவர் ஈரமும் அதைக் கறுக்கவைக்கும். உடுத்தபின் தெளிக்கும் வாசனைத் திரவியமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். எலுமிச்சம்பழம், பற்பசை என்று தேய்த்தால் மேலே உள்ள மெல்லிய பூச்சும் போய் அடியிலுள்ள கம்பி தெரியும். கறுத்ததைக் கறுத்தபடியே விடுவது அதைவிட நல்லது. வாசனைத் திரவியத்தை உடுக்குமுன் உடம்பில் மட்டும் பூசுங்கள்.

பொலித்தீன் பைதான் இங்கே பெரிய எதிரி. உடுத்துக் கழற்றிய சாறியில் வியர்வை ஈரம் இருக்கும். அதை உடனே மடித்துப் பையில் போட்டுக் கட்டினால் ஈரம் வெளியேற வழியில்லை. கழற்றியதும் மூன்று நான்கு மணித்தியாலம் நிழலில் விரியுங்கள். பிறகு கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். கஞ்சி பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் தீனி. பூச்சி உருண்டையைத் துணியில் முடிந்து அலுமாரி மூலையில் வையுங்கள், சரிகையில் தொடக்கூடாது. கனமான சரிகைச் சாறியைத் தொங்கவிட்டால் பாரத்தில் மடிப்போடு கிழியும். படுக்கவைப்பதே நல்லது.

அலுமாரி வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தால் நான்கு அங்குலம் தள்ளிவையுங்கள். மாரியில் அந்தச் சுவர்தான் ஈரம் கக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். கச்சான் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் ஒரு நாள் பட்டு முழுவதையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். இந்த ஊரில் பட்டுக்கு அதைவிட நல்ல மருந்து வேறில்லை.

கறுப்பு அபாயாவில் தோய்த்தபின் வெள்ளைக் கோடு கோடாக வருகிறது. புதுசே பழசு போலத் தெரிகிறது.
— ஒரு வாசகி, கிண்ணியா

சலவைத் தூள் கூடிவிட்டது, அல்லது கிணற்று நீர் கடினம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தூளைப் பாதியாகக் குறைத்து, துணியில் நேரே தூவாமல் தண்ணீரில் முழுதாகக் கரைத்தபின் போடுங்கள். இரண்டு தடவை அலசுங்கள். கடைசி வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் ஒட்டியிருக்கும் உப்புக் கரைந்துவிடும். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள்.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை மிச்ச உடுப்பு என்று தெருவோரத்தில் மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகர், தம்பலகாமம்

தாராளமாக வாங்கலாம், பார்த்து வாங்கினால். கூடுதலாகத் தைத்ததும், கட்டளை இரத்தானதும், பிழை கண்டு கழித்ததும் ஒரே குவியலில் வந்துசேரும். முதல் இரண்டும் நல்ல பேரம். லேபலை வெட்டியிருப்பது குறையல்ல.

ரீசேர்ட்டை நெடுக்காக நடுவில் மடித்து இரு பக்கத் தையலும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதா பாருங்கள். ஒன்று முன்பக்கம் திரும்பியிருந்தால் ஒவ்வொரு தோய்ப்பிலும் இன்னும் முறுகும், மினுக்கினாலும் நேராகாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித் துளை தேடுங்கள். பின்னல் துணியில் ஒரு துளை, தோய்க்கத் தோய்க்க ஓடும். முன்பக்கமும் கையும் ஒரே நிறம்தானா என்பதை மின்விளக்கில் நம்பாமல் வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள். சிப்பை ஐந்து தடவை ஏற்றி இறக்குங்கள். உள்ளே பஞ்சுபோல் சுரண்டிவிட்ட தடித்த துணிகள் குளிர் நாட்டுக்குத் தைத்தவை. எவ்வளவு மலிவானாலும் இங்கே அலுமாரியில்தான் கிடக்கும்.

சாறம் வேண்டுமென்றால் குவியலில் தேடவேண்டாம். மருதமுனைக் கைத்தறிச் சாறம் ஒன்று எடுங்கள். இரு புறமும் கோடும் கட்டமும் ஒரே தெளிவாக இருக்கும்.

பேஸ்புக்கில் பார்த்து பஞ்சாபி வாங்கினேன். அளவு பிழை, துணியும் வேறு. இனி எப்படி வாங்குவது?
— ஒரு வாசகி, நிலாவெளி

எம், எல் என்ற எழுத்தை நம்பவேண்டாம், அது கடைக்குக் கடை மாறும். உங்களுக்குச் சரியாக இருக்கும் பஞ்சாபி ஒன்றை மேசையில் பரப்பி, கமக்கட்டிலிருந்து கமக்கட்டு வரை அளந்து இரட்டியுங்கள். தோள், இடுப்பு, நீளம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் இதே நான்கு அளவையும் உடுப்பின்மேல் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். பருத்தி என்றால் அளவு ஓர் அங்குலம் கூட இருக்கட்டும், சுருங்கும். துணியின் பெயரை எழுத்திலேயே கேளுங்கள். 'சொஃப்ட்', 'பிரீமியம்' என்பது துணியின் பெயரல்ல.

வந்தபின் சந்தேகம் என்றால் உள் தையலில் நாலு நூலை உருவித் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து மிருதுவான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். பட்டு, மயிர் கருகும் மணம் தரும். பொதியைப் பிரிக்கும்போதே தொலைபேசியில் படம்பிடித்து, பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். விற்பவர் பதில் சொல்லாமல் விட்டால், இவை இரண்டும் கையில் இருக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.