ஹாக்கி கோச்சிடம் கேட்டவை: கடலூரிலிருந்து பதில்கள்

பள்ளி, பல்கலைக்கழகம், மாநில அணி, அலுவலக அணி என்று பதினான்கு வருடம் ஹாக்கி ஆடினேன். இப்போது கடலூரில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முடிந்தவற்றுக்குப் பதில் கீழே.

அக்கா, ஆடுவதை ஏன் விட்டீர்கள்? கல்யாணம்தானே காரணம்? (திருப்பாதிரிப்புலியூர், கல்லூரி மாணவி)

எல்லோரும் இதைத்தான் நினைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் மூன்று வருடம் ஆடினேன், தாயே. என்னை உட்கார வைத்தது வலது முட்டி. செம்மண்ணில் ஆடிப் பழகிய கால், டர்ஃப் என்கிற செயற்கைத் தரையில் சட்டென்று திரும்பியபோது ஷூ தரையைக் கவ்விக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. ஏசிஎல் என்கிற தசைநார் கிழிந்தது. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். அதனால் இப்போது என் பிள்ளைகள் ஸ்டிக்கைத் தொடும் முன்பே கால் மணி நேரம் குதித்து இறங்கப் பழக வேண்டும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கினால் மறுபடியும் முதலிலிருந்து. திட்டிக்கொண்டேதான் செய்வார்கள், பரவாயில்லை.

நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லித் தருவார் என்று நம்பலாமா? (நெய்வேலி, உடற்கல்வி ஆசிரியர்)

நம்பாதீர்கள் சார். என் கதையே போதும். கோச் ஆன முதல் மாதம், பந்தை இடமும் வலமும் உருட்டிக்கொண்டு ஓடுவது எப்படி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். செய்து காட்டினேன். மறுபடி கேட்டாள், மறுபடி காட்டினேன். "காட்டாதீங்க கோச், சொல்லுங்க" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக் கூடத்தில், தூங்குகிறவர்களை எழுப்பாமல், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மெதுவாக உருட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கைத் திருப்புவது முழுக்க முழுக்க மேலே பிடித்திருக்கும் இடது கை. கீழே இருக்கும் வலது கை திருப்புவதே இல்லை. ஸ்டிக் அதற்குள் சுழல வழி விடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையோ இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஹார்டுவேர் கடையில் பிவிசி குழாயில் ஒரு சாண் அளவு வெட்டி வாங்கி ஸ்டிக்கில் கோத்தேன். வலது கை குழாயைப் பிடிக்கட்டும், இடது கை ஸ்டிக்கைத் திருப்பட்டும். குழாய்க்குள் ஸ்டிக் கரகரவென்று சுற்றியது. பிள்ளை சிரித்துவிட்டாள். அந்தக் குழாய் இன்னும் என் பையில் இருக்கிறது.

இரண்டும் கைவந்தவர்களும் உண்டு. அலிசன் அன்னான் ஆஸ்திரேலியாவுக்கு ஆடி 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர். அப்புறம் கோச்சாக நெதர்லாந்துக்கு டோக்கியோவில் தங்கம், சீனாவுக்கு 2024 பாரிஸில் வெள்ளி. நம் நாட்டில் பிரீதம் ராணி சிவாச். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த்தில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், பிறகு சோனிபத்தில் பெண் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்த நம் அணியின் நேஹா கோயல், நிஷா வார்சி இருவரும் அவரிடம் பயின்றவர்கள். 2021இல் பிரீதமுக்கு, கோச்சுகளுக்குத் தரும் துரோணாச்சாரியா விருது கிடைத்தது. ஆடி வாங்கிய பதக்கத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மற்றவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

என் மகள் இடது கைக்காரி. இடது கை ஸ்டிக் எங்கே கிடைக்கும்? (பண்ருட்டி, ஒரு அம்மா)

எங்கேயும் கிடைக்காது, தேடி அலையாதீர்கள். ஹாக்கியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்டிக்தான். தட்டையான பக்கத்தில்தான் ஆட வேண்டும், உருண்ட பக்கம் பட்டால் ஃபவுல். மேலே சொன்ன குழாய்க் கதையைப் படித்தீர்களா? வேலை செய்வதே இடது கை. உங்கள் மகளுக்கு அது லாபம். உயரத்துக்குச் சரியான மர ஸ்டிக் ஒன்று இப்போதைக்குப் போதும்.

நான் பாகூர். படிப்பது கடலூரில். புதுச்சேரிக்கு ஆடுவேனா, தமிழ்நாட்டுக்கா? (பத்தாம் வகுப்பு)

பள்ளி விளையாட்டுப் போட்டி என்றால், நீ படிக்கும் பள்ளி எந்த மாநிலமோ அந்த மாநிலம். ஹாக்கி இந்தியா என்கிற தேசியச் சங்கம் நடத்தும் போட்டிகளில் புதுச்சேரிக்குத் தனி அணி உண்டு. எந்தச் சங்கத்தில் பதிவு செய்கிறாயோ அதற்குத்தான் ஆடலாம், இரண்டு பக்கமும் கால் வைக்க முடியாது. இடம் கிடைப்பது எங்கே சுலபம் என்று மட்டும் பார்க்காதே. பயிற்சி முடிந்து இருட்டுவதற்குள் எந்தப் பக்கம் பஸ் கிடைக்கும் என்றும் பார்.

எங்கள் பள்ளியில் செம்மண் தரைதான். இதில் ஆடி என்ன பயன்? (விருத்தாசலம்)

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து பெரிய ஆட்டமெல்லாம் செயற்கைத் தரையில்தான், உண்மை. ஆனால் செம்மண்ணில் பந்து எப்படிக் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தடுத்து நிறுத்தியே கை மென்மையாகிவிடும். குறை எங்கே என்றால், குதிக்கும் பந்துக்குப் பயந்து நிமிர்ந்தே ஆடுவோம். டர்ஃபில் முட்டியை மடக்கித் தாழ்ந்து, ஸ்டிக்கைத் தரையோடு தரையாக வைக்க வேண்டும். இதைச் சிமெண்டுத் தளத்தில் டென்னிஸ் பந்தோடு பழகலாம். ஸ்டிக் தேயும், பழைய ஸ்டிக்கை எடுத்துக்கொள்.

மாதவிடாய் நாட்களில் பயிற்சிக்கு அனுப்பலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

அவளுக்கு முடிந்தால் வரட்டும், முடியாவிட்டால் என்னிடம் சொல்லிவிட்டு உட்காரட்டும். எனக்குக் கவலை வேறு. ஒரு போட்டிக்குப் போனோம், மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. கேட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள் என்றார்கள். பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை, ஏன் என்று நானும் கவனிக்கவில்லை. மூன்றாவது குவார்ட்டரில் இரண்டு பேருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. இப்போது எங்கே போனாலும் முதலில் கழிப்பறையைப் பார்த்துவிட்டுத்தான் டாஸ். அப்புறம், எப்போதும் சோர்வாக இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை.

கோச் ஆக என்ன படிக்க வேண்டும்? வேலை கிடைக்குமா? (புதுச்சேரி)

பட்டியாலாவில் என்ஐஎஸ் என்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது. வேலையைப் பொறுத்தவரை, ஆடுகிறவர்களுக்கு ரயில்வே பெரிய வாசல். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். கோச்சுக்குச் சம்பளம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

வெயிலில் கறுத்துப் போவாளே? (இதே கேள்வி பதினோரு பேரிடமிருந்து)

ஆமாம், போவாள்.

தினமும் சில்வர் பீச்சில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். ஹாக்கிக்கு நல்லதா கோச்? (தேவனாம்பட்டினம், ஒன்பதாம் வகுப்பு)

கெட்டதில்லை, ஆனால் இது வேறு ஓட்டம். முன்பு 35 நிமிடமாக இரண்டு பாதி ஆடினோம். இப்போது 15 நிமிடமாக நான்கு குவார்ட்டர், ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் எல்லோரும் வெறி பிடித்த மாதிரி ஓடுகிறார்கள். இருபது மீட்டர் பாய்ந்து, நின்று, திரும்பி, மறுபடி பாய வேண்டும். உலர்ந்த மணலில் இதைச் செய்தால் கணுக்கால் பிசகும். அலை வந்து போன ஈர மணலில் செய். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நாங்களும் அங்கேதான் இருப்போம். ஷூ வேண்டாம், மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வா.