மகளை லண்டன் கோடைப் படிப்புக்கு அனுப்பலாமா?

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். பாப்பா கோவையில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரும் கோடையில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் மூன்று வார எகனாமெட்ரிக்ஸ் பாடம் (புள்ளிவிவரத்தை வைத்துப் பொருளாதாரக் கேள்விகளுக்குக் கணக்குப் போட்டு விடை தேடுவது) படிக்க வேண்டும் என்கிறாள். "மஞ்சள் விலை ஏன் இப்படி ஏறி இறங்குதுன்னு நானே கணக்குப் போட்டுப் பார்க்கணும்ப்பா" என்பது அவள் சொல்லும் காரணம். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "அது கஷ்டமான பாடமுங்க. இங்கிலாந்திலேயே ஒரு பழைய கல்லூரி வளாகத்தில் ரெண்டு வாரம் லீடர்ஷிப் படிப்பு இருக்குதுங்க. பத்து கிரெடிட் கிடைக்கும், ஊரையும் சுத்திப் பார்க்கலாம்" என்கிறார். எட்டு லட்சம் வரை செலவு செய்யத் தயார். வீட்டில் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயப்படுகிறார்கள். எதில் சேர்ப்பது?
— ஈரோடு வாசகர்

பதில்:

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பாப்பா சொன்ன அந்த ஒரு வரிதான். வெளிநாட்டுப் படிப்பு வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்வார்கள். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய் என்றால் பதில் வராது. உங்கள் மகளிடம் கேள்வி தயாராக இருக்கிறது, அதுவும் சின்ன வயதிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த மண்டியிலிருந்தே வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடக் கற்றுத்தரும் பாடம் எதுவோ அதில்தான் சேர்க்க வேண்டும். லீடர்ஷிப் படிப்பு அதைக் கற்றுத்தராது.

பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்துக்கு முன்பு நீங்கள் என்ன செய்வீர்கள்? சாம்பிளில் ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் எப்படி, ஈரம் எவ்வளவு என்று பார்ப்பீர்கள். படிப்பையும் அப்படி ஒடித்துப் பார்க்க முடியும். முதலில் ஏஜென்ட் சொன்ன பத்து கிரெடிட்டையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் ஓர் ஆண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் பத்து கிரெடிட்டுக்குக் குறைந்தது 250 மணி நேரம். பதினான்கு நாளில் அதை முடிக்க வேண்டுமென்றால், ஒரு நாள்கூட விடாமல் தினமும் ஏறத்தாழ 18 மணி நேரம் படிக்க வேண்டும். ஊர் சுற்றுவது எப்போது, தூங்குவது எப்போது? ஏஜென்ட் சொல்லும் கிரெடிட் ஐரோப்பிய அளவில் வருவதாக இருக்க வழியில்லை. அது எந்த அளவில், யார் கொடுப்பது என்று எழுத்தில் கேளுங்கள்.

இதே கணக்கு நல்ல படிப்புக்கும் உதவும். மூன்று வாரத்தில் ஐந்து கிரெடிட் என்றால் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் ஒரே சமயத்தில் இரண்டு பாடம் எடுக்கலாமா என்று பாப்பா கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்று போதும், அதுவே பிழிந்து எடுத்துவிடும்.

அடுத்து, வளாகம். இங்கிலாந்தில் கோடை விடுமுறைக்கு மாணவர்கள் ஊருக்குப் போனதும் கல்லூரி அறைகளும் விடுதிகளும் காலியாகிவிடும். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும்கூட அந்த இடத்தைத் தனியார் நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துவது உண்டு. சட்டப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை, சில நன்றாகவும் நடக்கின்றன. ஆனால் சான்றிதழ் தருவது அந்த நிறுவனம், பல்கலைக்கழகம் அல்ல. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் இணைய முகவரி 'ஏசி டாட் யூகே' என்று முடியும். ஏஜென்ட் காட்டும் படிப்பு அப்படி ஒரு முகவரியில் இருக்கிறதா, முடிவில் மதிப்பெண் பட்டியல் வருமா, அதில் யார் கையெழுத்து இருக்கும் என்று பாருங்கள். நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் ஒரு பையன் இப்படித்தான் போய் வந்தான். அழகான சான்றிதழ், கூடவே நிறைய போட்டோ. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அதை எங்கே காட்டுவது என்று தெரியாமல் அவன் என் எதிரே உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவனுடைய அப்பா கடன் வாங்கி அனுப்பியிருந்தார்.

பாப்பா தேர்ந்தெடுத்த இடத்தில் அந்தக் கவலை இல்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் கோடைப் பள்ளியைத் தானே நடத்துகிறது. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, மூன்று மூன்று வாரமாக மூன்று சுற்றுகள். முடிவில் தேர்வு உண்டு, மதிப்பெண் பட்டியலும் உண்டு. பாடங்களுக்கு 100, 200, 300 என்று வரிசை போட்டிருப்பார்கள். நூறு தொடக்க நிலை, இருநூறு இடைநிலை, முந்நூறு மேல்நிலை. எகனாமெட்ரிக்ஸ் தொடக்க நிலைப் பாடம் இல்லை. புள்ளியியலும் கொஞ்சம் கால்குலஸும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கஷ்டம் என்று ஏஜென்ட் சொன்னது இந்த அளவில் உண்மைதான். பிளஸ் டூவில் பாப்பா கணிதம் எடுத்தாளா? எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் இப்போதே தொடங்க வேண்டும்.

இது நவம்பர், நேரம் இருக்கிறது. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகள் ஜனவரியில் தொடங்கும். சேர்வதற்குப் பணம் இல்லை, தேர்வு எழுதத்தான் கட்டணம், அதுவும் ஆயிரம் ரூபாய் அளவுதான். புள்ளியியலில் 12 வாரப் பாடம் ஒன்றை எடுத்து, வாராவாரம் அசைன்மென்ட் போட்டு, ஏப்ரலில் தேர்வு எழுதட்டும். கூடவே ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், இலவசம். உங்கள் மண்டியின் பழைய ஏலக் கணக்குகளை எடுத்து, விரலிக்கும் கிழங்குக்கும் தனித்தனியாக, தேதி வாரியாக விலையை அதில் ஏற்றட்டும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். வரத்து எப்போது கூடும், எந்த வருஷம் மழை கெடுத்தது, எப்போது இருப்பு வைத்தவர்கள் சரக்கை வெளியே விட்டார்கள் என்பதெல்லாம் எந்தப் பேராசிரியரையும்விட உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் கோப்போடு லண்டன் போகிற பிள்ளைக்கு மூன்று வாரமும் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்க ஒரு கேள்வி இருக்கும். பிப்ரவரிக்குள் அவளுக்கு இந்தப் பாடம் ஒட்டவில்லை என்று தெரிந்தால் அதுவும் நல்லதே. நூறு வரிசையில் ஒரு பாடத்துக்கு மாறிக்கொள்ளலாம், அல்லது இன்னொரு வருஷம் பொறுக்கலாம்.

இனி, பெற்றோர் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம். நமக்குக் கோடை விடுமுறை சித்திரை, வைகாசியில். அவர்களுக்குக் கோடை என்பது ஆனியும் ஆடியும். முதல் சுற்று முடிவதற்குள்ளேயே கோவையில் கல்லூரி திறந்துவிடக்கூடும். மூன்றாம் சுற்று என்றால் ஆடிப்பெருக்கையும் தாண்டிப் போய்விடும். மூன்றாம் ஆண்டில் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுதுவதே சிக்கல். அதனால் முதல் சுற்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரித் தேர்வு அட்டவணை ஜூன் வரை நீள்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே பாடத்திட்டத்தை அச்செடுத்துத் துறைத் தலைவரிடம் கொடுத்து, அந்த நாட்களுக்கு அனுமதி உண்டா, கிரெடிட்டைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்று கடிதமாகவே வாங்கிவிட வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் இல்லாமல் போகலாம். கிரெடிட்டை ஏற்கவில்லை என்றாலும் நான் போகச் சொல்வேன். அனுமதி இல்லை என்றால் போகச் சொல்ல மாட்டேன்.

விசா பெரிய மலை இல்லை. ஆறு மாதத்துக்குள் முடியும் படிப்புக்கு, அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் என்றால், பிரிட்டனின் சாதாரண விசிட்டர் விசாவே போதும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கவனிக்க வேண்டியது வங்கிக் கணக்கு. விசாவுக்காகக் கைமாற்று வாங்கித் திடீரென்று கணக்கில் போட்டுக் காட்டும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள், விசா மறுக்கப்படுவதற்கு அதுவே காரணமாகலாம். உங்களுக்கோ மாசி, பங்குனி சீசனில் நியாயமாகவே பெரிய தொகைகள் வரும். அவற்றுக்கான ஏல பில்லையும் வருமான வரிக் கணக்கையும் சேர்த்து வைத்தால் போதும். விசா மறுக்கப்பட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் சேர்வதற்கு முன்பே படித்துவிடுங்கள். (இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு: அமெரிக்காவில் கிரெடிட் உள்ள கோடைப் படிப்புக்கு விசிட்டர் விசா செல்லாது. கல்வி நிறுவனம் தரும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தை வாங்கி எஃப்-1 மாணவர் விசா எடுக்க வேண்டும். ஜெர்மனி என்றால் 90 நாள் வரை ஷெங்கன் விசா போதும், கோடைப் படிப்புகளின் பட்டியல் அந்த நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் இணையதளத்தில் இருக்கிறது.)

வீட்டில் பயப்படுவதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்குச் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. வெளியே அறை தேடாமல், பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியிலேயே இடம் போடுங்கள். சீக்கிரம் நிரம்பிவிடும், சேர்க்கை உறுதியானதும் கேட்டுவிட வேண்டும். ஜூன் கடைசியில் லண்டனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கோவையிலிருந்து நேராக விமானம் கிடையாது. நடுவில் வேறு நாட்டில் மாறாமல், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ நேராகப் போகிற விமானமாக எடுத்தால் முதல் பயணத்துக்கு நல்லது.

பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். துறைத் தலைவர் என்ன பதில் கொடுத்தார் என்று பாப்பாவையே எனக்கு எழுதச் சொல்லுங்கள் அண்ணா. அவளுடைய விலைக் கணக்கில் முதல் வரைபடம் வந்ததும் அதையும் அனுப்பட்டும், நான் பார்க்க வேண்டும்.