சென்னையில் சினிமாப் பாட்டு அல்லாத நேரடி இசையைக் கேட்க எங்கே போவது? பெண் தனியாகப் போகலாமா?

வேலைக்காகச் சென்னை வந்து ஆறு மாதம் ஆகிறது, சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடும் குழுக்களை நேரில் கேட்க ஆசை, எங்கே நடக்கிறது என்றே தெரியவில்லை, கூட வரவும் ஆள் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் 2009இல் விழுப்புரத்திலிருந்து வந்து பெண்கள் விடுதியில் தங்கியிருந்தபோது இதே கேள்வியோடுதான் அலைந்தேன்.

அப்போது அடையாறில் அன்வைண்ட் சென்டர் என்று ஓர் இடம் இருந்தது. ராக், மெட்டல் வாசிக்கிற கல்லூரிப் பையன்களுக்கு அதுதான் தாய்வீடு. ஜூன் ராக் அவுட் என்ற விழாவையும் அவர்கள்தான் நடத்தினார்கள். அலுவலகத் தோழி ஒருத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பாட்டு முழுக்க ஆங்கிலம், எனக்குப் பாதி வரி புரியவில்லை. ஆனால் ஐந்தடி தூரத்தில் டிரம்ஸ் அடிக்கும்போது அது காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் விழுகிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் மேளக்காரர்கள் பக்கத்தில் நின்றபோது கிடைத்த அதே அதிர்வு. விடுதிக்குத் திரும்பிய பிறகும் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒன்றாவது போய்விடுவேன். குழந்தை பிறந்த ஒன்றரை வருடம் மட்டும் இடைவெளி.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் இடத்தை நம்பி இசையைத் தொடர முடியாது. ஆட்களைத் தொடருங்கள்.

காரணம் இருக்கிறது. பெங்களூரில் ஒரு பப் நடத்துபவர் மது விற்கும் வருமானத்தில் குழுவுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். அதனால் இங்கே சின்னக் கஃபேயோ மொட்டை மாடியோ வைத்திருப்பவர், ஸ்பீக்கர் வாடகை, மிக்ஸர், சவுண்ட் என்ஜினியர், குழுவுக்கான பணம் எல்லாவற்றையும் டிக்கெட்டிலும் காபியிலும்தான் எடுக்க வேண்டும். எண்பது பேர் வந்தால் கையைக் கடிக்காது. நாற்பது பேர் வந்தால் நஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை போலீசுக்கு போன் செய்தால் அதோடு சரி. நான் ஆசையாகப் போய்வந்த இடங்களில் பாதிக்கு மேல் இன்று இல்லை. ஒன்று துணிக்கடை ஆகிவிட்டது. ஒன்றை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். ஆனால் அங்கே வாசித்தவர்கள் இன்னும் வாசிக்கிறார்கள், வேறெங்கோ, வேறு பெயரில்.

ஓர் ஆளைத் தொடர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு என் சொந்த அனுபவம். குரங்கன் என்ற குழுவைக் கேட்டேன். இசைக் கலைஞர்கள் டென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்து நடத்தியது. தமிழில் இப்படி எழுதலாமா என்று எனக்குத் தோன்றிய முதல் குழு அதுதான்: நம் பேச்சு மொழி, நம் கோபம், காதலியின் கண்ணைப் பற்றிப் பேசாத பாட்டு. சரி, இந்த இருவரும் அடுத்து என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகம் சீரழிவதைப் பற்றி பாடகர் டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வந்தது. வரிகள் யார் என்று பார்த்தால் கபேர் வாசுகி. ராக் கேட்கப் போன நான் அந்தப் பாட்டின் வழியாகத்தான் கச்சேரி கேட்கப் போனேன். கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து தொடங்கிய விழாவைப் பற்றியும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

டென்மா பக்கம் போனால் வேறொரு கதவு திறந்தது. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 19ஆம் நூற்றாண்டிலேயே முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற சிந்தனையிலிருந்து வந்த பெயர். மொத்தம் 19 பேர், அதில் ஒரே பெண் இசைவாணி. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே பாட்டுக்குள் வரும். எலெக்ட்ரிக் கிட்டார் ஒரு பக்கம், பறை ஒரு பக்கம். நான் மைதானத்தின் பின்பக்கம் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டியம்மா பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அதுவரை நான் போன ராக் நிகழ்ச்சிகள் எதிலும் பாட்டிகளைப் பார்த்ததே இல்லை. கானா தொடங்கியதும் அவருக்கு எல்லாத் தாளமும் தெரிந்திருந்தது. கானா வடசென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்படுகிற பாட்டு. அதை அவர் எத்தனை இரவு கேட்டிருப்பார்! எனக்குத்தான் அது புதுசு. ஒன்பது வருடம் இந்த ஊரில் இசை கேட்பவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், ஊரின் வடக்கே இருந்த மிகப் பழைய சுயாதீன இசைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. அன்று அது எனக்கு உண்மையாகவே வலித்தது.

அதனால்தான் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். இணையத்தில் 'சென்னை இண்டி' (இண்டி என்றால் சினிமா சாராத சுயாதீன இசை) என்று தேடினால் அடையாறு, நுங்கம்பாக்கம், ஆழ்வார்ப்பேட்டைதான் வரும். அங்கே போங்கள், அவசியம் போங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். நீலம் மையம் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாக்களில் கர்நாடக இசை சீசன் களைகட்டியிருக்கும் அதே மாதத்தில் பறையும் ஒப்பாரியும் கானாவும் ராப்பும் மேடை ஏறின. பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் 'சென்னை சங்கமம் நம்ம ஊரு திருவிழா'வில் பூங்காக்களிலும் மைதானங்களிலும் நாட்டுப்புறக் கலைஞர்களை இலவசமாகக் கேட்கலாம். அங்கே பறை வாசிப்பவரின் கையை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஏதாவது கஃபேயில் டிரம்ஸ் கேட்டுப் பாருங்கள். காது வேறு மாதிரி வேலை செய்யும்.

ஆங்கிலத்தில் பாடும் குழுக்களில் ஸ்க்ராட்டும் தி எஃப்16ஸும் இந்த ஊர்க்காரர்கள். எஃப்16ஸ் 2012இல் தொடங்கியது, இன்று நாடு முழுக்கப் பெயர். வரிகளைவிட ஒலியே பிடிக்கும் என்றால் ஜடாயு. கர்நாடக இசையில் சுரங்களை அசைத்துப் பாடும் கமகங்களைக் கிட்டாரில் கொண்டுவந்து ஃபங்க் என்ற மேற்கத்திய பாணித் தாளத்தோடு கோத்து வாசிப்பார்கள். அவர்களை ஹெட்போனில் கேட்பது ஒன்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மேடையில் வாசிக்கும்போது கேட்பது முற்றிலும் வேறு. திரைக்குப் போய்விட்டவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஷான் ரோல்டன், பிரதீப் குமார், அந்தோணி தாசன் எல்லோரும் இந்தச் சின்ன மேடைகளில் ஊறியவர்கள்தான். பிரதீப்பும் தாசனும் இசையமைப்பாளர் தர்புகா சிவாவோடு 'லா பொங்கல்' குழுவில் இருந்தார்கள். அதற்கும் முந்தைய தலைமுறையில், படங்களுக்கு இசையமைக்க வருமுன் ஏ.ஆர். ரகுமானுக்கே நெமிசிஸ் அவென்யூ என்று ஒரு ராக் குழு இருந்தது.

எங்கே என்று கேட்டீர்களே. நிலையாக இருப்பவை சில உண்டு. நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் ஜூன் 21, உலக இசை நாளை ஒட்டி உள்ளூர்க் குழுக்கள் வாசிப்பார்கள். புதிதாக வருபவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரே மாலையில் நான்கைந்து குழுக்களைக் கேட்டு, யாரைத் தொடரலாம் என்று முடிவு செய்யலாம். ஆழ்வார்ப்பேட்டையில் 'மேடை' என்ற சிறிய அரங்கம். பெசன்ட் நகர்க் கடற்கரை எதிரே ஸ்பேசஸ், நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த இடம், மரங்களுக்கு நடுவே கேட்கலாம். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் கட்டியது, ஒலி அற்புதமாக இருக்கும். ஜனவரியில் ஐஐடி மாணவர்களின் கலைவிழா சாரங். பெரிய இரவுகளுக்கு வெளியூர் நட்சத்திரங்கள்தான் வருவார்கள், ஆனால் பகலில் நடக்கும் குழுப் போட்டிகளை விடாதீர்கள்.

மற்றதெல்லாம் இன்ஸ்டாகிராமில்தான் தெரியவரும். பிடித்த குழுவின் பக்கத்தைத் தொடர்ந்தால் மட்டும் போதாது. அதன் பேஸ் கிட்டாரிஸ்டையும் டிரம்மரையும், முக்கியமாக சவுண்ட் என்ஜினியரையும் தொடருங்கள். பாடகர் ஒரு குழுவில்தான் பாடுவார். நல்ல டிரம்மர் நான்கு குழுக்களில் வாசிப்பார். சவுண்ட் என்ஜினியர் போடும் ஸ்டோரியைப் பார்த்தால் வார இறுதியில் ஊரில் என்ன நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். அறிவிப்பு பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு முன்னால்தான் வரும், சிலது இரண்டு நாள் முன்னால். மழைக்காலத்தில் திறந்தவெளி என்றால் கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டுக்கு நான் பெரும்பாலும் 300 முதல் 800 ரூபாய் வரை கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து 'கெஸ்ட் லிஸ்ட்' (இலவச அனுமதி) கேட்காதீர்கள், இரண்டு முறை பார்த்துப் பழகிவிட்டாலும் கேட்காதீர்கள். ஐந்து பேர் இருக்கும் குழு, ஒரு மாதம் ஜாம் ரூம் (ஒத்திகை அறை) வாடகை கொடுத்து ரிஹர்சல் செய்து, ஆட்டோ வைத்து சாமான்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. முதலில் வாசிக்கும் குழுவுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம் என்பதால் ஏழு மணி என்றால் ஏழுக்கே போய்விடுங்கள். முதல் குழு காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடுவது பார்க்கச் சகிக்காது. எனக்கு மிகவும் பிடித்த இரண்டு குழுக்களை அப்படிச் சீக்கிரம் போனதால்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஓர் உணவகத்தில் ஒரு பெண் கிட்டாரோடு தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தான் எழுதிய பாட்டு, அம்மா இறந்த பிறகு வீட்டுச் சமையலறை எப்படி இருக்கிறது என்று. இரண்டாவது சரணத்தில் ஒரு மேசையிலிருந்து சத்தமாக ஒரு சினிமாப் பாட்டைக் கேட்டார்கள். மேலாளர் மேடைக்கே வந்து காதில் ஏதோ சொன்னார். அவள் பாதியில் நிறுத்தி, அவர்கள் கேட்டதைப் பாடினாள், நன்றாகவே பாடினாள். முடிந்ததும் நான் போய், அந்தப் பாட்டின் மீதி என்ன என்று கேட்டேன். வாசலில், பார்க்கிங் பக்கம் நின்று, கிட்டாரை உறையிலிருந்து மறுபடி எடுத்து எனக்காகக் கடைசிச் சரணத்தைப் பாடினாள். எனக்குச் சினிமாப் பாட்டு மீது எந்தக் கோபமும் இல்லை, வீட்டில் நாள் முழுக்க ஓடுவது அதுதான். ஆனால் ஒருவர் தன் பாட்டைப் பாட வந்த இடத்தில் வேறு பாட்டைக் கேட்காதீர்கள். அவ்வளவுதான் வேண்டுகோள். பிடித்திருந்தால் முடிந்தபின் போய் எந்த வரி பிடித்தது என்று சொல்லுங்கள். டிஷர்ட் விற்றால் ஒன்று வாங்குங்கள். பேண்ட்கேம்ப் இணையதளத்தில் ஆல்பம் இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள்.

அப்புறம், தனியாகப் போவது. போகலாம். நான் பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன். இந்த விஷயத்தில் சென்னையின் கட்டுப்பாடுகள் நமக்குச் சாதகம். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அதனால் பெரும்பாலானவை பத்துக்குள் முடிந்துவிடும். மெட்ரோ 11 மணி வரை ஓடுகிறது. முதல் சில தடவை அலியான்ஸ், 'மேடை' மாதிரி அரங்குகளுக்குப் போங்கள், ஓட்டல் பார்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் எங்கே நிற்பது என்று கூச்சமாக இருந்தால் நேராக சவுண்ட் மிக்ஸர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அறையிலேயே ஒலி சரியாகக் கேட்கும் இடம் அதுதான். அந்த என்ஜினியர் இரவு முழுக்க அங்கேயே இருப்பார், அதனால் யாரும் வந்து தொந்தரவு செய்யவும் மாட்டார்கள். காதுக்கு இயர்பிளக் எடுத்துப் போங்கள், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். மூன்றாவது தடவை போகும்போது அந்த என்ஜினியர் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். அடுத்த வாரம் எங்கே என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.